ஸ்டவ் வெடித்ததாக ஒரு செய்தி

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாசச் சாரல் தொடங்கி நாலாம் நாள், பிச்சுமணிக்கு விருது என்று கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தார். பேப்பர்க் கட்டு பிரிக்கிற பலகைமேல் அதை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் பசை டப்பாவைத் தூக்கி வைத்து, உடனே டப்பாவை நகர்த்திவிட்டு நாலாம் தரமும் வாசித்தார். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

இருக்காதா பின்னே? தென்காசியில் இருபது வருஷமாகப் பேப்பர் ஏஜெண்ட். அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் ஏஜெண்டுதான் நிருபரும். காலையில் பேப்பர் போட்டு முடித்தால் மத்தியானம் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று சைக்கிளில் ஒரு சுற்று. எழுதினதைக் கவரில் போட்டு ஒட்டி, நாலரை மணிக்கு ஆலங்குளம் வழியாகப் போகிற திருநெல்வேலி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் அச்சில் வரும். 'நமது நிருபர்' என்று வருமே தவிர, ஒரு நாளும் பிச்சுமணி என்று வந்ததில்லை. இப்போது கடிதத்தில் 'உயர்திரு பிச்சுமணி அவர்கள்' என்று டைப் அடித்திருந்தது.

"ஏட்டி கல்யாணி, இங்கன வா. இதைப் படி."

கல்யாணசுந்தரி கைப்பிடிக் கரண்டியோடு வந்தாள். குற்றாலத்தில் வாசகர் மன்றம் ஒன்று நடத்துகிற வல்லிநாயகம் எழுதியிருந்தார். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் துணிந்து வெளிக்கொணர்ந்த நிருபரைப் பாராட்டி, ஆடி முதல் ஞாயிறு, கல்யாண மண்டபத்தில் விழா, கேடயம், பொன்னாடை. அவள் உதட்டசைத்து வாசித்து முடித்தாள்.

"அந்தக் குழலு பிள்ளை விஷயம் எழுதினீயளே, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"ம்" என்றாள். கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிச்சுமணிக்கு அந்த 'ம்' பிடிக்கவேயில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போனால் இந்த மனுசனை நல்லவர் என்று நினைத்துவிடுவீர்கள். கெட்டவர் என்று நினைத்தாலும் தப்புதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். ஸ்டேஷனில் எழுத்தர் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். 'குழல்வாய்மொழி, வயது 21, கணவர் பெயர் சுந்தரபாண்டி, குத்துக்கல்வலசை. தீக்காயம். ஆஸ்பத்திரியில் இறப்பு.' அவ்வளவுதான் அதில் இருந்தது. மணி நாலே கால். பஸ் கிளம்பக் கால் மணி நேரம். வலசைக்குப் போய் விசாரித்துவிட்டு வர நேரம் எங்கே இருக்கிறது? நேரம் இருந்தாலும் போயிருக்க மாட்டார். இருபது வருஷமாக இப்படித்தான். பெண்பிள்ளை தீயில் வெந்து செத்தால் ஸ்டவ் வெடித்தது. கிணற்றில் கிடந்தால் தண்ணீர் இறைக்கும்போது கால் தவறியது. அரளி விதை தின்றிருந்தால் தீராத வயிற்றுவலி. தினமும் எழுதி எழுதிக் கை தானாக எழுதிவிடும். அவர் மட்டுமா, எல்லா ஊர் நிருபர்களும் அப்படித்தான் எழுதினார்கள். செத்தவள் வீட்டு மானம் கெட வேண்டாம் என்று ஒரு நினைப்பு வேறு. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது.

ஆக, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எழுதினார். 'காப்பி போடும்போது ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.' கீழே நாலு வரி. கவரை ஒட்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு பொம்பளை கடைக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயசு இருக்கும். ஆய்க்குடியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கையில் அன்றைய பேப்பர், நாலாய் மடித்தது.

"இதுல ஸ்டவ்வு வெடிச்சதுன்னு எழுதினது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான். நீங்க யாரு ஆச்சி?"

"நான் முத்துவடிவு. செத்தது எம் மவ. நீங்க பாத்தியளா?"

இருபது வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"பாக்கலை ஆச்சி. வழக்கமா..."

"அவுக வீட்டுல ஸ்டவ்வே கெடையாது அண்ணாச்சி. விறகடுப்புதான். முந்தாநாளு நானே ஒரு கட்டு விறகு சுமந்து கொண்டுபோய் அவ வீட்டுப் பின்வாசல்ல போட்டுட்டு வந்தேன். அம்புட்டு விறகும் அப்படியே கெடக்கு. எம் மவதான் இல்லை."

அழவில்லை. அழுதிருந்தால் பிச்சுமணி ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆளு வாசிச்சுச் சொல்லுச்சு, நீங்க எழுதினது பொய்யி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வெயிலில் அப்படியே நின்றாள்.

அன்றைக்கு மத்தியானம் பிச்சுமணி ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வலசைக்குப் போனார். பின்வாசலில் விறகுக் கட்டு, கட்டின கயிறுகூட அவிழ்க்காமல் கிடந்தது. அடுப்படியில் ஒரு கரி கூடுதலாக இல்லை. கரி பிடித்திருந்ததெல்லாம் முன் அறைச் சுவர்தான். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து முதலில் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றாள். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்: பிள்ளை கத்தினது கேட்டு ஓடினேன், கதவு வெளிப்பக்கமா தாப்பாள் போட்டிருந்துச்சு, நாந்தான் திறந்தேன்.

அவள் அம்மாவின் ஆய்க்குடி வயலைத் தங்கள் பேருக்கு எழுதி வாங்கி வா என்று சுந்தரபாண்டியும் அவன் ஆத்தாளும் ஒரு வருஷமாக அந்தப் பிள்ளையைப் படுத்தின பாடு பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. நாலு நாள் தொடர்ந்து எழுதினார் பிச்சுமணி. 'வெளியே தாழ்ப்பாள்' என்று தலைப்பு. அந்த நாலு நாளும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. எழுதும்போதே கண்ணீர் தாளில் விழுந்து மசி கலங்கி, திரும்பவும் எழுதினார். அதில் ஒரு சொல்கூடக் கைப்பழக்கத்தில் எழுதினதில்லை. ஆர்.டி.ஓ. விசாரணை வந்தது. சுந்தரபாண்டியும் ஆத்தாளும் ஜெயிலுக்குப் போனார்கள், கேஸ் கோர்ட்டுக்குப் போனது. ஊரில் பிச்சுமணியைப் பார்க்கிறவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பேசினார்கள்.

ஆனால் ஒன்று செய்யவில்லை. முதல் நாள் எழுதினது தவறு என்று பேப்பரில் ஒரு வரி போடவில்லை. செய்தி ஆசிரியர் வேண்டாம் என்றுவிட்டார். "மறுப்புப் போட்டா பேப்பர் மானம் போயிரும் ஓய், பின்னாடி எழுதினதே அதைச் சரிக்கட்டிரும்" என்றார். பிச்சுமணியும் சரி என்று விட்டுவிட்டார். அங்கே பிடித்தது சனி.

விருதுக் கடிதம் வந்த மூன்றாம் நாள் கோர்ட் சம்மன் வந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். எதிரிக்குச் சாட்சியா நானா என்று பிச்சுமணிக்குப் புரியவேயில்லை. அன்றைக்குச் சாயங்காலமே சுந்தரபாண்டியின் வக்கீல் விஸ்வேஸ்வரன் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய பேச்சு. ஒரு பேப்பர் வாங்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலை வே. மொத நாளு செய்தி நீர் எழுதினதுதானான்னு கேப்பேன். ஆமான்னு சொல்லும். விசாரிச்சு எழுதினீரான்னு கேப்பேன். அம்புட்டுதான்."

"விசாரிக்கலையே, வக்கீல் சார்."

"அப்படியே சொல்லும். யாரு வேண்டாம்னா? அடுத்த கேள்வி கேப்பேன். மொத நாளு உக்காந்த எடத்துல கற்பனையா எழுதினவர், மறுநாளுலேர்ந்து நாலு நாளு எழுதினது மட்டும் எப்படிய்யா நெசமாகும்னு கேப்பேன். நிருபர்ன்னு ஒருத்தன் இனிமே உம்மை மதிப்பானா? அடுத்த மாசம் விருது வேற வாங்கப் போறீராமே, சந்தோசம்." பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிச்சுமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். விசாரிக்காமல் எழுதினேன் என்றால் பேர் போச்சு, ஏஜென்சி போச்சு, விருதும் போச்சு. விசாரித்து எழுதினேன் என்றால், செத்த அன்றைக்கே அக்கம்பக்கத்தில் ஸ்டவ் என்றுதான் சொன்னார்கள் என்று ஆகிவிடும். பாத்திமுத்து சொன்ன தாழ்ப்பாள் பிற்பாடு கட்டின கதையாகிவிடும். பத்திரிகைச் செய்தி சாட்சியம் ஆகாதாம், ஆனால் எழுதினவனே கூண்டில் ஏறிச் சொன்னால்? ஜட்ஜ் மனசில் ஒரு சந்தேகம் விழுந்தால் போதுமே. அவர் ஒன்றும் புரியாத மனுசன் இல்லை. எல்லாம் புரிந்தது, அதுதான் கஷ்டம்.

திருநெல்வேலி கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு முத்துவடிவும் அதே பஸ்ஸில் ஏறினாள். பெண்கள் சீட்டில் அவள், பின் சீட்டில் அவர். ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"அண்ணாச்சி, எனக்குக் கேஸு வெளங்காது. கவர்மெண்ட் வக்கீல் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. பேப்பர்க்காரரு அந்த ஸ்டவ்வு சங்கதி நானா எழுதினதுன்னு சொல்லிட்டாருன்னா அவனுக தப்ப முடியாதும்மான்னாரு. அந்த ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க பேரு கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியும். நான் உங்க காலுல வேணும்னாலும் விழுதேன்."

"ஐயோ, என்ன ஆச்சி இது! சொல்லுதேன். சொல்லாம இருப்பனா?"

அந்த நேரத்தில் அவர் மெய்யாகத்தான் சொன்னார். சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தார். கேழ்வரகு அடை இரண்டு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அவர் வாங்கித் தின்றார்.

கோர்ட்டில் கூட்டம். முத்துவடிவை உள்ளே விடவில்லையா, அவளே பயந்து போகவில்லையா தெரியாது, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பிச்சுமணியின் பேரை டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். கூண்டில் ஏறினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் ஐந்தாறு பேர் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள். ஒருத்தர் விருதுக்கு வாழ்த்து என்று கையைக் குவித்துக் காட்டினார்.

"இந்தச் செய்தி நீர் எழுதினதுதானா?"

"ஆமா."

"விசாரிச்சு எழுதினீரா, விசாரிக்காம எழுதினீரா?"

பிச்சுமணி முன்வரிசையைப் பார்த்தார். ஆறு பேனாவும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாளைக்கு என் சங்கதி நாலு பேப்பரில் வரும், அதுவும் பேரோடு வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. பாவி மனுசன், அந்த ஒரு நொடியில் சறுக்கிவிட்டார்.

"விசாரிச்சுத்தான் எழுதினேன்."

"யாருகிட்ட?"

"அக்கம்பக்கத்துல."

விஸ்வேஸ்வரன் தலையைத் தாழ்த்திக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார். கவர்மெண்ட் வக்கீல் எழுந்து ஏதேதோ கேட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்த இன்னும் மூன்று பொய்.

வெளியே வந்தார். முத்துவடிவு வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள்.

"சொல்லிட்டியளா அண்ணாச்சி?"

இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். கூண்டில் பயந்தார், சரி, எத்தனையோ பேர் பயந்திருக்கிறார்கள். மரத்தடியில் யார் இருந்தார்கள் பயப்பட? அவள் ஒருத்திதானே? அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"சொல்லிட்டேன் ஆச்சி" என்றார்.

அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தார்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார்கள். கவர்மெண்ட் வக்கீல் முத்துவடிவிடம், சந்தேகம் வந்துட்டும்மா, ஒண்ணும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கேசுக்கு ஓடிவிட்டார். எதனால் சந்தேகம் வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சுந்தரபாண்டி சன்னதி பஜாரில் மாலையோடு ஜீப்பில் போனதைப் பிச்சுமணி கடைக்குள்ளிருந்து பார்த்தார். பாத்திமுத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துவடிவு கடைக்கு வந்தாள். பிச்சுமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் பலகை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீய? உங்க பேரைக் கெடுத்துக்கிட்டு எம் மவளுக்காவ உண்மையைச் சொன்னீயளே. கேக்காதது அவுக தப்பு. உங்களுக்கு ஒரு கொறையும் வராது, பாருங்க."

ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள்! மகளைப் பறிகொடுத்தவள் இவருக்கு ஆறுதல் சொல்கிறாள்! உள்ளே கதவோரம் நின்றிருந்த கல்யாணசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். கோர்ட்டில் நடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தாள் அவள். முத்துவடிவு போன பிறகு வெளியே வந்தாள்.

"நீங்க அந்த விருதை வாங்கக் கூடாது" என்றாள்.

"வாங்கலை. மேடையில ஏறி எல்லாத்தையும் சொல்லிட்டு, வேண்டாம்னுட்டு வந்துருதேன்."

"எல்லாத்தையும்னா? கோர்ட்டுல மாத்திச் சொன்னதையுமா?"

"அதையுந்தான்."

அவள் அவரை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. விழாவுக்கு வரவில்லை.

ஆடி முதல் ஞாயிறு. குற்றாலத்தில் ஈ எறும்பு நுழைய இடமில்லை. மெயின் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, எண்ணெய் மணத்தோடு, போகிற ஜனமெல்லாம் சாரலுக்கு ஒதுங்கி மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வல்லிநாயகத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கோர்ட் விட்டுவிட்டது, பேனா விடவில்லை என்றார். முன்வரிசையில் முத்துவடிவு, வெளுத்த சேலையில், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வல்லிநாயகம் ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார். பொன்னாடையைப் போர்த்தினது அவள்தான். உயரம் எட்டாமல் எக்கிப் போர்த்தினாள். பிச்சுமணி குனிந்துகொடுத்தார்.

கேடயத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "அந்தப் பிள்ளை செத்த மறுநாளு, ஸ்டவ் வெடிச்சுச் செத்ததா ஒரு செய்தி வந்துச்சு. அதை எழுதினதும் நாந்தான். எனக்கு அப்படி யாரும் சொல்லலை. நான் போயிப் பாக்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு நானா எழுதினேன். அது பொய்."

அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தார். 'இதைக் கோர்ட்டுல சொல்லாம மறைச்சேன், அதனாலதான் அவனுக வெளிய இருக்கானுக.' வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் வல்லிநாயகம் படபடவென்று கை தட்டினார். தன் தவறைத் தானே ஒத்துக்கொள்கிற பெரிய மனசு எத்தனை பேருக்கு வரும் என்று கத்தினார். மண்டபம் முழுக்கத் தட்டியது. ஈரத் துண்டைத் தலையில் கட்டியவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டல் ஓயட்டும் என்று பிச்சுமணி காத்திருந்தார். அந்த நேரத்தில் முன்வரிசையைப் பார்த்தார். முத்துவடிவு பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடைக்கே கேட்டது.

"இதைத்தான் கோர்ட்டுலயும் சொன்னாரு. ஜட்ஜ் அய்யாதான் கேக்கலை."

தட்டல் ஓய்ந்தபோது அவருக்குள் இருந்த தைரியமும் ஓய்ந்துவிட்டது. இவ்வளவு நல்லபடியாக முடிந்துவிட்டதே, இப்படியே விட்டால் என்ன என்று ஒரு கேடுகெட்ட ஆசை வந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வெளியே சாரல் சிணுங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றார்கள். முத்துவடிவு அவர் கக்கத்திலிருந்த கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அதுல என்னமோ எழுதியிருக்காவளே. எம் மவ பேரு போட்டிருக்கா?"

பளபளவென்று பித்தளைத் தகடு. நாலே வரி. துணிச்சல்மிகு நிருபர் விருது. பிச்சுமணி, தென்காசி. 1983. அன்பளிப்பு: உச்சிமாகாளி பாத்திரக்கடை. வேறு ஒன்றும் இல்லை. பிள்ளை பேர் அதில் ஏன் இருக்கப் போகிறது? இல்லை ஆச்சி என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"போட்டிருக்கு ஆச்சி."

"எங்கன? காட்டுங்க."

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்கன. குழல்வாய்மொழி."

"வயசும் போட்டிருக்கா?"

"இருபத்தொண்ணு."

"ஊரு? வலசைன்னா போட்டிருக்கு?"

"இல்லை. ஆய்க்குடின்னுதான் போட்டிருக்கு."

"அதான் சரி" என்றாள் முத்துவடிவு. "அவ எங்க ஊருப் பிள்ளை." முந்தானையால் அந்த வரியில் விழுந்திருந்த சாரல் துளியைத் துடைத்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினாள். கோர்ட்டு சொல்லாட்டாப் போவுது, இதுல எம் பிள்ளை பேரு இருக்கே, இது போதும் எனக்கு என்றாள். பிச்சுமணி அப்போதே செத்திருக்கலாம்.

ஆய்க்குடி பஸ் வந்தது. ஒரு கால் படியில் வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இதை ஒரே ஒரு நாளு எங்கிட்டக் குடுங்க. எங்க தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டுக் கொண்டாந்து தந்துருதேன். அவ கெட்டுச் செத்தான்னு சொன்னாளுகளே, அவளுக எல்லாம் வாசிக்கட்டும்."

அவர் கை தானாக நீண்டது. கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? அவள் வாங்கி, பிள்ளையை அணைக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தான்.

"ஆச்சி!" என்று கத்தினார் பிச்சுமணி. "ஆச்சி, இறங்குங்க! நான் ஒண்ணு சொல்லணும்! ஆச்சி!"

பொன்னாடை தோளிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. அவர் பஸ் கூடவே ஓடினார். முத்துவடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"பத்திரமா வச்சிருப்பேன் அண்ணாச்சி! ஒரு கீறல் விழாமக் கொண்டாந்து தருவேன்! நீங்க வீட்டுக்குப் போங்க, நனையாதீங்க!"

பஸ் பழைய குற்றாலம் விலக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஆய்க்குடிக்கு அரைமணி நேரம். பஸ்ஸுக்குள்ளேயே எழுத்துத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்போதே கேடயத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார்.